மூன்று சின்ன ஓட்டை

"அப்பெண்டிக்ஸ் வீங்கியிருக்கு. இன்னைக்கே எடுத்துடணும்" என்று திருத்தணி டாக்டரம்மா சொன்னதும் கண்ணையன் கேட்ட முதல் கேள்வி, மகள் பிழைப்பாளா என்பதல்ல.

"தழும்பு தெரியுங்களா?"

"மூணு சின்ன ஓட்டை, அவ்ளோதான். வெடிச்சிட்டா வயித்தையே பிளக்கணும்."

"மூணு ஓட்டையா!" அவர் மனைவி பங்காரு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "நாளைக்குப் பொண்ணு பாக்க வராங்கம்மா."

டாக்டரம்மா அவர்களை விட்டுவிட்டு, பெஞ்சில் சுருண்டு கிடந்த கயல்விழியிடம் குனிந்தாள். "வயித்தை யாரும் அமுக்க விடாதே. வலி திடீர்னு நின்னா சந்தோஷப்படாதே. ஓடி வா."

கயல்விழி பி.எஸ்சி. அந்தக் குடும்பத்தில் முதல் பட்டம். வலது காலை ஊன்ற முடியாமல் பஸ் ஸ்டாண்டுக்கு இழுபட்டுப் போனவளுக்கு அது ஒன்றுக்கும் உதவவில்லை. அவளுடைய போன் அப்பாவின் சட்டைப்பையில் இருந்தது.

ஊரில் யாருக்கு வயிறு வலித்தாலும் அது குடலேற்றம்தான். மேலே ஏறிக்கொண்ட குடலை விளக்கெண்ணெய் தடவிக் கீழே இறக்கிவிட கிஷ்டம்மா இருந்தாள்.

"வேணாம் நைனா, அமுக்கினா வெடிச்சிடும்!"

"ஆங், காலேஜ்ல சொல்லிக் குடுத்தாங்களா? கம்முனு படு" என்று அதட்டினார் கண்ணையன்.

அம்மா தோளை அழுத்தினாள். தங்கை மோகனப்ரியா அழுதுகொண்டே காலைப் பிடித்தாள். கிஷ்டம்மா கட்டைவிரலை அடிவயிற்றில் இறக்கினாள். "கோலிகுண்டாட்டம் உருளுது பாரு. எறக்கிக்கினே இருக்கேன், கத்தாத."

கயல்விழி கத்தினாள். பிறகு, விளக்கை அணைத்ததுபோல் வலி நின்றது.

"நின்னுடுச்சாடி?" என்றாள் கிஷ்டம்மா.

"ஆங், நின்னுடுச்சி." அவள் எழுந்து உட்காரப் பார்த்தாள். "வெடிச்சிடுச்சி நைனா. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

கண்ணையன் சிரித்துவிட்டார். "வலிச்சாலும் ஆஸ்பத்திரி, வலிக்காட்டியும் ஆஸ்பத்திரியா?"

சாயங்காலம் வலி திரும்பி வந்தது, இம்முறை வயிறு முழுக்க. எறங்குற குடல் அப்படித்தான் வலிக்கும் என்று அம்மா நெற்றியில் விபூதி பூசினாள். மலைமேல் இருப்பவன் பார்த்துக்கொள்வானாம்.

மறுநாள் காலை, பலகையாக இறுகிப்போன வயிற்றின்மேல் பட்டுப்புடவையைச் சுற்றினார்கள். ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்த மாப்பிள்ளையின் அம்மா, ஜுரத்தில் சிவந்த முகத்தைப் பார்த்து, "வெக்கத்தைப் பாரேன்!" என்று பூரித்தாள்.

கயல்விழி காபித் தட்டோடு மாப்பிள்ளை முருகவேலின் முன்னால் போய் நின்றாள்.

"உங்க போனைக் குடுங்க."

"என்னங்க?"

"நூத்தியெட்டுக்குப் போடணும். வயித்துக்குள்ள அழுகிக்கினு இருக்கு."

தட்டுதான் முதலில் விழுந்தது.

ஆஸ்பத்திரியில் தொப்புளுக்கு மேலிருந்து அடிவரைக்கும் பிளந்தார்கள். சீழைக் கழுவினார்கள். பக்கவாட்டில் ஒரு குழாயைச் செருகி வைத்தார்கள். பதினோராம் நாள் கண்ணையன் கட்டிலருகே வந்து நின்றார். போர்வைக்கு வெளியே தெரிந்த வயிற்றுக் கட்டைப் பார்த்துவிட்டுச் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"ஆர்.கே.பேட்டைக்காரங்க மோகனப்ரியாவைக் கேக்குறாங்க. பேசி முடிச்சிட்டேன். நீ கல்யாணத்துக்கு வராத. பாக்குறவங்க நாலு பேசுவாங்க."

கயல்விழிக்கு அழுகை வரவில்லை. தும்மினாலே தையல் கிழிகிறது, அழுவதாவது.

"அவளுக்கு எப்பனா வயிறு வலிச்சா, நைனா?"

"கிஷ்டம்மா இருக்கா இல்ல?" என்றார் கண்ணையன். "அவ கை பட்டதும் உனக்கே நின்னுச்சே. இவனுங்கதான் அறுத்துக் கெடுத்துட்டானுங்க."