தப்பிப் போன அடி

மருமகள் மண்ணெண்ணெயில் நனைத்த துணியுடன் வந்தாள். "மாமா விரல்ல எப்பவும் கிரீஸ் அப்பியிருக்குமே, அத்தை. ஆளுங்க வர்றதுக்குள்ள துடைச்சிடலாம்னு..."

மாமியார், உயிர் அடங்கிக் கிடந்த தன் கணவரின் வலது கையைத் தூக்கிப் பார்த்தாள். நகக்கண்கள் வெளுத்துக் கிடந்தன. இரண்டு மாதமாகவே அப்படித்தான்.

"வேண்டாம்மா. கொண்டுபோய் வச்சிடு."

காலையில் செய்தித்தாளை விரித்தபடி நாற்காலியில் சாய்ந்தவர் எழவில்லை. பஸ் டிப்போவில் முப்பத்தைந்து வருஷம் மெக்கானிக்காக இருந்தவர். ஓய்வு பெற்றதும், துருப்பிடித்த பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிவந்து, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். என்ஜினில் அவரை அதிகம் படுத்தியது கிராங்க் ஷாஃப்ட். கனத்த இரண்டு சக்கரங்களைக் கோத்து, சுற்றிவிட்டு, அளவுமானியின் முள் ஆடாமல் நிற்கும்வரை செம்புச் சுத்தியலால் தட்டி நேராக்க வேண்டும். நாலு நாள் தட்டினார். ஐந்தாம் நாள் அவளைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாரு, முள்ளு மூச்சுகூட விடல." பிறகு அதைத் துணியில் சுற்றி மேசைமேல் வைத்துவிட்டு, லேத் பட்டறைக்காரரைக் கூட்டிவரப் போனார்.

துவைத்த துணிக்கூடையை இறக்கிவைக்க, கொட்டகையிலிருந்த அந்த மேசையைத் தவிர அவளுக்கு வேறு இடமில்லை. கூடை இடித்ததும் கிராங்க் ஷாஃப்ட் உருண்டு சிமென்ட் தரையில் விழுந்தது. மூச்சைப் பிடித்துத் தூக்கி, முன்பு இருந்த மாதிரியே சுற்றி வைத்தாள். பார்வைக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவர் வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தாள்.

லேத்துக்காரர் வந்து அதைச் சுற்றிவிட்டபோது முள் தாறுமாறாக ஆடியது.

"தண்டே வளைஞ்சிருக்கேண்ணே," என்றார் லேத்துக்காரர். "இந்த சாமான் இனிமே எங்கயும் கிடைக்காதே."

கணவர் நிமிர்ந்து, தண்ணீர்ச் சொம்போடு வாசலில் நின்றவளைப் பார்த்தார். "நீ பார்த்தியே? முள்ளு நின்னுச்சுல்ல?"

"எனக்கு அதெல்லாம் எங்க தெரியுது," என்றாள்.

அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கடைசியா ஒரு அடி அடிச்சேன். அதுதான் தப்பிப் போச்சு. நின்ன மாதிரி தெரிஞ்சது கண்ணுக் கோளாறு போல."

அன்றே கொட்டகையைப் பூட்டினார். அதற்குப்பின் சட்டைப் பித்தானைக்கூட அவளையே போட்டுவிடச் சொன்னார். ஒவ்வொரு நாளும், இன்று சொல்லிவிடலாம் என்று பித்தானைப் போட்டுவிட்டாள்.

மத்தியானம் மகன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"என்னாலதாம்மா."

"என்னடா?"

"போன மாசம் போன் பண்ணி, கை ஓடலடான்னார். நான் ஏதோ வேலையில இருந்தேன். வயசாச்சுல்லப்பா, வண்டியை எடைக்குப் போட்டுட்டு சும்மா உட்காருங்கன்னேன். ஒண்ணும் பேசாம வச்சிட்டார். அந்த வார்த்தையே அவரை முடிச்சிடுச்சு."

அவன் தோள்கள் குலுங்கின. ஒரு கணம் அவள் நெஞ்சு லேசானது. பாரத்தை வேறொருவன் தானாக வந்து வாங்கிக்கொள்கிறான். பெற்ற பிள்ளை. லேசானதை நினைத்ததும் அவளுக்கு உடம்பு கூசியது.

"அவர் அடிச்சதுல வளையலடா," என்றாள். "நான் கீழ போட்டுட்டேன். கூடை இடிச்சு."

மகன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. கேட்டார். தெரியலன்னு சொல்லிட்டேன்."

வாசலில் யாரோ, பெரியப்பா வந்துவிட்டதாகக் குரல் கொடுத்தார்கள். எழுந்தவன் அவள் தோளைத் தொடப்போய், தொடாமல், அப்பாவின் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போனான்.

பக்கத்து வீட்டுக்காரி காப்பியும் இரண்டு பிஸ்கட்டும் கொண்டுவந்து, "ஒரு வாயாவது குடிங்க," என்றாள். அவளுக்கு நல்ல பசி. ஒன்றைத் தின்றாள். மற்றது நனைக்கும்போது ஒடிந்து உள்ளே விழுந்தது. யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும், விரலை விட்டுத் துழாவி அதையும் எடுத்துத் தின்றாள்.