ஒரே பேறான மகன்

இஸ்திரி போடும் உருளை இயந்திரத்தை நிறுத்திவிட்டதால் ஆஸ்பத்திரி விரிப்புகளைக் கையாலேயே தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஈரத்துணி மேசைக்கு மேசை மலையாகக் கிடந்தது. ஆவியில் எதிரே நிற்பவர் முகம் தெரியவில்லை.

ஓர மேசைக்காரருக்கு அந்தச் சலவைக்கூடத்தில் சந்தேகம் என்றுதான் பெயர். கண்ணாடியில் தெரிவது தன் முகம்தானா என்று கன்னத்தைக் கிள்ளிப் பார்த்த பிறகே சவரம் செய்வார். கல்யாணத்தன்று மணப்பெண்ணிடம் "நீதானா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டதாகவும், கடைசித் தடவைக்கு அந்த அம்மாள் இன்றுவரை பதில் சொல்லவில்லை என்றும் பேச்சு.

அப்பேர்ப்பட்டவர் தோளில் மேஸ்திரி கை போட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் பிரசங்கம் செய்கிற மேஸ்திரி, வேலை நாட்களில் யாரையும் தொட்டதில்லை. சந்தேகம் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"டீ குடிச்சியா தம்பி?"

"நீங்க டீயைப் பத்தி விசாரிச்சா விஷயம் பெருசுன்னு அர்த்தம். சொல்லுங்கண்ணே."

விஷயம் பெரிதுதான். உருளைக்கு முன்னால் ஒரு தடுப்பு உண்டு. கை பட்டால் இயந்திரம் நின்றுவிடும். துணியின் மடிப்புப் பட்டாலும் நிற்கிறதே, வேலை கெடுகிறதே என்று முதலாளியின் மகன் அதைக் கம்பியால் இழுத்துக் கட்டிவிட்டான். முந்தின நாள், உருளையில் வேலை செய்த சந்தேகத்தின் தங்கையின் வலது கை முழங்கைவரை உள்ளே போய் வெந்துவிட்டது. நாளைக் காலையில் விசாரணைக்கு அதிகாரி வருகிறார்.

"கட்டினது நீன்னு சொல்லிடு. சின்னவர் மாட்டினா கூடத்தையே பூட்டிடுவாங்க, அத்தனை குடும்பமும் நடுத்தெருவுக்கு வந்துடும். ஒருத்தன் சுமந்தா எல்லாருக்கும் மீட்பு. நம்ம ஆண்டவர் வேற என்ன செஞ்சாரு?"

"அதைத்தாண்ணே நானும் யோசிக்கிறேன். அங்க வேலைக்காரங்க தப்பு பண்ணாங்க, மொதலாளி தன் மகனை அனுப்பினாரு. இருந்ததே ஒரே மகன். இங்க மகன் தப்பு பண்ணிருக்காரு, நீங்க வேலைக்காரனை அனுப்புறீங்க. வேதத்தைத் தலைகீழாப் புடிச்சுப் படிச்சீங்களா?"

பக்கத்து மேசையில் யாரோ இருமுவதுபோல் சிரித்தார்கள். மேஸ்திரி கோபப்படவில்லை.

"கட்டாயப்படுத்தினா அது பலியே இல்ல தம்பி. மனசார வரணும்" என்றார். பிறகு ஒரு பை பழம் வாங்கிக்கொண்டு தங்கை படுத்திருந்த ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் சந்தேகம் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

மறுநாள் அதிகாரி வந்தார். அவர் பின்னாலேயே முதலாளியின் கார். அதிலிருந்து தோள்வரை கட்டுப்போட்ட கையோடு தங்கை இறங்கினாள். முதலாளியின் மகன் ஓடிப்போய் நாற்காலி போட்டான். வேலைக்காரருக்கு அங்கே நாற்காலி போட்டு யாரும் பார்த்ததில்லை.

"நான்தான் சார் கம்பியைக் கட்டினேன்" என்றாள், தரையைப் பார்த்தபடி. "வேலை சீக்கிரம் முடியட்டும்னு."

"ஏய், யாரு உன்னை இப்படிச் சொல்லச் சொன்னா?" சந்தேகம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "சார், இவ பொய் சொல்றா. கட்டினது சின்னவர்."

"காயம்பட்டவங்களே சொல்றாங்களேப்பா" என்றார் அதிகாரி.

"விடுண்ணே. எனக்குத்தான் கை போயிடுச்சு. உன் வேலையாவது இருக்கட்டும்."

"என் வேலை போயிடும்னு யாரு சொன்னா?"

அவள் மேஸ்திரியைப் பார்த்தாள். மேஸ்திரி கண்களை மூடியிருந்தார், உதடு அசைந்துகொண்டிருந்தது.

"சரிம்மா, எப்படிக் கட்டுனீங்கன்னு காட்டுங்க" என்று அதிகாரி கம்பியை நீட்டினார்.

அவள் இடது கையால் வாங்கினாள். தடுப்பில் சுற்றப் பார்த்தாள். கம்பி நழுவிக் கீழே விழுந்தது. எடுத்தாள். மறுபடியும் விழுந்தது.

முதலாளியின் மகனுக்கு மனசு கேட்கவில்லை. "குடும்மா, உனக்கு ஏன் சிரமம்" என்று வாங்கிக்கொண்டான். கம்பியைப் பார்க்கக்கூட இல்லை. அதிகாரியிடம் பேசிக்கொண்டே ஒரு சுற்று, ஒரு முறுக்கு, ஓர் இழுப்பு. தடுப்பு அசையாமல் நின்றது.

"இப்படித்தான் சார் கட்டியிருப்பாங்க."

"நல்லாப் புரியுது" என்றார் அதிகாரி.