நெற்றியில் வெந்த பொட்டு

திருப்பி அனுப்பிய அட்டைப்பெட்டியின் மேல் மார்க்கரில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: "அரசு பொண்டாட்டி - ரிட்டன்." உள்ளே என்ன கதி என்று பார்ப்பதற்கு முன்பே, புருஷன் பேரை மட்டும் போட்ட அந்த எழுத்தைப் பார்த்துத்தான் சரண்யாவுக்கு உடம்பு எரிந்தது. அவள் வீட்டு நாய்க்குக்கூட ஒரு பேர் இருக்கிறது.

பெட்டிக்குள் நூறு ஈயத் தலைகள். தூண்டில் முள்ளின் கழுத்தில் ஈயத்தை உருக்கி ஊற்றி, மீன் தலையாக வார்த்து, வண்ணம் ஏற்றியவை. ஜிக் என்பார்கள். பின்னால் ரப்பர் மீனை மாட்டி முகத்துவாரத்தில் வீசினால் கொடுவா மீன் ஏமாந்துபோய்க் கவ்வும். மீன்பிடித் தடைக்காலத்தில் அரசுவின் படகு மணப்பட்டுக் கரையில் ஏறிக் கிடந்தபோது, அவன் மனைவி சரண்யா செல்போனைப் பார்த்தே கற்றுக்கொண்ட வேலை இது. அரசுவின் கூட்டாளிகள் வாங்கிப்போய் வாயாரப் புகழ்ந்தார்கள். கடைக்குப் போன முதல் சரக்கு இதுதான். போன வேகத்தில் வீடு திரும்பிவிட்டது.

அவள் சும்மா இருப்பாளா? பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அரசுவின் பைக்கில் ஏறினாள். கடலூர் ரோட்டில் தூண்டில் சாமான் கடை வைத்திருக்கும் புகழ்வேந்தன் அவளை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. அரசுவிடம்தான் பேசினார்.

"கல்லுல ரெண்டு தட்டு தட்டுனா பெயிண்ட் உரிஞ்சிகினு வருதுப்பா. கஸ்டமர் எல்லாம் திருப்பிக் குடுத்துட்டு என்னைத்தான் காறித் துப்புறான். வெயிட்டு கரெக்டா இருக்கு, முள்ளு நேரா நிக்கிது, அதுல ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா பெயிண்ட் வேலை வூட்டுல ஆவாது. உன் பொண்டாட்டிய வெறும் ஈயமா ஊத்திக் குடுக்கச் சொல்லு. வில்லியனூர் பக்கம் ஒரு பட்டறை இருக்குது, மிஷின்ல அடிச்சி, என் கடை பேரு போட்டு வித்துக்கிறேன்."

அரசு தலையை ஆட்டப் போனான். நல்லவன்தான்; கடலில் எந்தக் காற்றையும் எதிர்த்து நிற்பான், கடைக்காரர் முன்னால் மட்டும் தலை தானாக ஆடும்.

"அண்ணே, இங்க பாத்துப் பேசுங்க" என்றாள் சரண்யா. "ஊத்துனவ நான்தான். ஒரு வாரம் குடுங்க. இருபது தலை எடுத்துகினு வர்றேன். அதுல ஒண்ணே ஒண்ணுல பெயிண்ட் போச்சுன்னாலும், நீங்க சொல்ற மாதிரி வெறும் ஈயமா ஊத்திக் குடுத்துட்டு வாயை மூடிகினு போறேன். போவலன்னா, கவர்ல என் பேரு வரணும்."

"இன்னா பேரு?" என்று சிரித்துவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் அவர் வேறு ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

வழியெல்லாம் அரசு புலம்பினான். "எதுக்குடி சவால் எல்லாம்? ஊத்திக் குடுத்தா வேலை முடிஞ்சிது."

"வண்டிய ஓட்டு."

வீட்டில் சாக்கை விரித்து நூறையும் கொட்டினாள். ஒவ்வொன்றாகப் புரட்டப் புரட்ட அவளுக்கு ஏதோ உறுத்தியது. கன்னாபின்னாவென்று உரிந்திருந்தால் பெயிண்ட் பவுடர் சரியில்லை என்று சொல்லலாம். அப்படி இல்லை. வயிற்றில் வண்ணம் அப்படியே இருந்தது, கன்னத்தில் இருந்தது. போனது நெற்றியில் மட்டும். இரண்டு கண்ணுக்கும் நடுவில், வட்டமாக. சரண்யா தன் மோதிர விரலை எடுத்து அந்த வட்டத்தின் மேல் வைத்தாள். அச்சாகப் பொருந்தியது.

"அடிப்பாவி" என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மணப்பட்டில் புதிதாக எது கடலுக்குப் போனாலும், வலையோ இன்ஜினோ கயிறோ, மஞ்சள் குங்குமம் வைக்காமல் போகாது. கடைக்குப் போகும் முதல் சரக்காயிற்றே என்று, வார்த்த வெள்ளிக்கிழமையே நூறு தலையையும் அம்மன் படத்துக்கு முன்னால் அடுக்கி, நூறு நெற்றியிலும் பொட்டு வைத்தவள் அவளேதான். வெறும் குங்குமம் ஈயத்தில் நிற்கவில்லை. பக்தி முற்றிப்போய் நல்லெண்ணெயில் குழைத்து அப்பினாள். மறுநாள் துணியால் துடைத்துவிட்டுத்தான் சூடு காட்டிப் பவுடரில் முக்கினாள். குங்குமம் போய்விட்டது, எண்ணெய் போகவில்லை. எண்ணெய்ப் பசை மேல் எந்த வண்ணம் பிடிக்கும்? கூட்டாளிகளுக்குக் கொடுத்த தலைகளுக்கு அவள் பொட்டு வைக்கவில்லை; வாங்கிப்போனவர்களே வண்ணத்துக்கு மேல் வைத்துக்கொண்டார்கள். அதனால்தான் அவை உரியவில்லை.

வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. வில்லியனூர் மிஷினை நினைத்ததும் இரண்டும் போய்க் கோபம் மட்டும் நின்றது.

விஷயத்தைக் கேட்ட அரசு, "அவ்ளோதானே, பொட்டை வுட்டுடு" என்றான்.

"ஏன் வுடணும்? நீ பொட்டு வைக்காத இன்ஜினை எடுத்துகினு கடலுக்குப் போவியா?"

"மாட்டேன்" என்றான்.

"நானும் மாட்டேன். பொட்டும் இருக்கும், பெயிண்டும் நிக்கும். பாரு."

இருபது தலையைப் புதிதாக வார்த்தாள். எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் பெயிண்ட் தின்னரில் அலசினாள். அதன் பிறகு வெறும் கையால் தொடவே இல்லை, குறடுதான். அனல் காற்று ஊதும் ஹீட் கன்னில் சூடேற்றி மஞ்சள் பவுடரில் ஒரே முக்கு. பவுடர் உருகிப் பளபளத்தது. அது ஆறுவதற்குள் சிவப்புப் பவுடரை எடுத்து நெற்றியில் வைக்க வேண்டும். பழக்க தோஷம், முதல் தலைக்கு மோதிர விரலையே கொண்டுபோய் வைத்துவிட்டாள். "ஐயோ அம்மா" என்று கத்தியதில் நாய் எழுந்து ஓடியது. அந்தத் தலையை ஓரமாகத் தள்ளிவிட்டு, கொப்புளத்தை ஊதிக்கொண்டே மற்றவற்றுக்குத் தீக்குச்சியின் அடிமுனையால் பொட்டு வைத்தாள். நூல் கோக்கும் துளையை ஊசியால் குத்திவிட்டு, சமையலுக்கே எடுக்காத பழைய ஓவனில் இருபது நிமிடம் தொங்கவிட்டாள். வெந்து வெளியே வந்தபோது சிவப்பும் மஞ்சளும் ஒரே தோலாகியிருந்தன. தள்ளிவைத்ததற்குப் பதில் இன்னொன்று வார்த்து இருபதை நிரப்பினாள்.

வாரம் முடிந்தது. கடை வாசலில் கருங்கல் படி. புகழ்வேந்தன் ஒன்றை எடுத்து ஓங்கி அடித்தார். ஈயம் நசுங்கியது, வண்ணமும் கூடவே நசுங்கியது, உரியவில்லை. இன்னொன்று. இன்னொன்று. தூண்டில் ராடு வாங்க வந்த இரண்டு பேர் வேடிக்கை பார்க்க நின்றார்கள். பன்னிரண்டாவதில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"எட்டு பாக்கி இருக்குண்ணே. அடிங்க" என்றாள் சரண்யா.

இருபதையும் அடித்து முடித்தார். "பெயிண்ட் ஓகேதான்" என்றார் வேறு பக்கம் பார்த்தபடி. "ஆனா இந்தப் பொட்டு எதுக்கு? எடுத்துடு. கவர்ல நம்ம கடை பேரே இருக்கட்டும், அதுதான் ஓடும்."

அரசுவின் தலை ஆடவில்லை. சரண்யா நசுங்கிய ஈயத் தலை ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"அது மேல வச்ச பொட்டு இல்லண்ணே, கூடவே வெந்தது. சொரண்டி எடுங்க. வந்துதுன்னா உங்க பேரையே போட்டுக்கங்க."

அவர் நகத்தால் சுரண்டினார். பிறகு நூல் வெட்டும் கத்தியால் சுரண்டினார். கத்தி வழுக்கியது. நின்றவர்களில் ஒருவன் அந்த ஈயத் தலையைக் கையில் வாங்கிப் பார்த்து, "சார், இது யாரு பண்றாங்க?" என்று கேட்டான்.

புகழ்வேந்தன் கத்தியை வைத்துவிட்டு ஒரு கவரையும் மார்க்கரையும் தேடி எடுத்தார். முதன்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"உன் பேரு இன்னாம்மா?"

கொப்புளம் வந்த விரலை மடக்கிக்கொண்டு, கடைக்கு வெளியே நிற்பவர்களுக்கும் கேட்கும்படி அவள் சொன்னாள்: "சரண்யா."

அவர் எழுதி முடிக்கும்வரை அங்கேயே நின்றாள்.