பக்கிரிக்கு ஒரு கூலிங் கிளாஸ்

கூலிங் கிளாஸ் வாங்க வந்த இடத்தில் இத்தனை அழும்பு பண்ணுகிற ஆம்பளையை நான் பார்த்ததே இல்லை. மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்துக் கடையில் அரை மணி நேரமாக என் வீட்டுக்காரர் பக்கிரி ஒவ்வொன்றாக மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார். காலையில் மீன் விற்ற வாடைகூட என் புடவையை விட்டுப் போகவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

அவருக்கு இடது கண்ணில் போன வருஷமே பூ விழுந்துவிட்டது. வலது கண் நன்றாக இருக்கிறது, கடல் வெயில்தான் கூசுகிறது, கூலிங் கிளாஸ் போட்டால் சரியாகிவிடும் என்று இரண்டு மாதமாக ஒரே பாட்டு. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் மட்டும் வள்ளென்று விழுவார். படகில் வலை விடுவது என் தம்பி சூர்யா, இன்ஜின் பிடித்து ஓட்டுவது இவர். சூர்யாவுக்குக் கல்யாணமாகி நாலு மாதம்கூட ஆகவில்லை.

"இன்னாய்யா, பொண்ணு பாக்கவா போற? ஒண்ண எடுய்யா!" என்றேன்.

கடைக்காரர் உமர் ஃபாரூக் சிரித்துக்கொண்டே உறையிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்தார். அதன் வலது பக்கக் கண்ணாடி முழுக்க மறைகிற மாதிரி கம்பெனிச் சீட்டு ஒட்டியிருந்தது. அவர் அதை உரிப்பதற்குள் இவர் வாங்கி மாட்டிக்கொண்டார்.

"இது சூப்பரா கீது கங்கா. ரோட்டுல போற பஸ்ஸு வரைக்கும் பளிச்சுனு தெரியுது."

உமர் ஃபாரூக்கின் சிரிப்பு நின்றுவிட்டது. நல்ல கண் என்று சொன்ன கண்ணைச் சீட்டு அடைத்துக்கொண்டிருக்கிறது, இவருக்கு அதுகூடத் தெரியவில்லை. சீட்டைப் பிய்த்துவிட்டுக் கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"எத்தினி விரலு? சொல்லுய்யா."

அவர் காற்றில் துழாவி என் கையைப் பிடித்தார். பிறகு, "குப்பத்துல யார் கைலயும் சொல்லாத கங்கா. கடல உட்டா நான் செத்துடுவேன்" என்றார்.

அடப்பாவி! இந்தக் கண்ணை வைத்துக்கொண்டா என் தம்பியை நடுக்கடலுக்குக் கூட்டிப்போனார்? அங்கேயே நின்றபடி சூர்யாவுக்குப் போன் போட்டேன்.

"தெரியும்க்கா," என்றான் அவன். "ரெண்டு மாசமா நான்தான் ரைட்டு, லெஃப்ட்டுனு சொல்லிக்கினு வரேன். போன வாரம் ஒரு கப்பலு ரொம்பக் கிட்ட வந்துடுச்சு. மாமா என் கையப் புடிச்சிக்கினு அழுதாரு. அதான் உன்கிட்ட சொல்லல."

இரண்டு பேரையும் செருப்பால் அடிக்கலாம் போலிருந்தது. பக்கிரி காதில் விழட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன்.

"நாளைலேர்ந்து இன்ஜின நீ புடி. மாமா இனிமே கடலுக்கு வரமாட்டாரு."

அவர் மாட்டிய கூலிங் கிளாஸைக் கழற்றவில்லை. அதற்கடியில் கண்ணீர் வழிந்து மீசைக்குள் இறங்கியது. இருபத்தெட்டு வருஷத்தில் நான் பார்க்காத அழுகை.

உமர் ஃபாரூக் தயங்கினார். "வேணாம்னா வச்சிடுங்கக்கா."

"வேணும் பாய்," என்றேன். "கடையில கீறதுலயே கறுப்பா ஒண்ணு குடு. கண்ணு வெளிய தெரியக் கூடாது. குப்பத்துல எல்லாரும் வாசல்லதான் குந்திக்கினு இருப்பாங்க."