வளைவுக்கு முன்னால்

கால் முறிந்து ஐந்து மாதம் கழித்து, ஜினசந்திரன் இன்றைக்குத்தான் பைக்கை எடுத்துக்கொண்டு திண்டிவனத்துக்கு மல்லாட்டைக் கடலை வியாபாரத்துக்குப் போயிருந்தான். மேல்சித்தாமூர் வீட்டில் அவன் மனைவி தர்மதேவிக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை.

சமணக் குடும்பம். பொழுது சாய்ந்தால் சாப்பாடு கிடையாது. அதனால் தினமும் ஐந்தரைக்கு மேல் அவனுக்குப் போன் போடுவாள். "பொழுது போவுதுங்க, ஜல்தி வாங்க." கட்டியவன் வயிறு காயக்கூடாதே என்ற கரிசனம்தான், வேறென்ன? விபத்து நடந்த அன்றைக்கும் மூன்று முறை போட்டாள். மூன்றாவது முறை அவன் எடுக்கவில்லை. ஏரிக்கரை வளைவில் விழுந்து கிடந்தான்.

"மணல்ல சறுக்கிடுச்சி" என்றுதான் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் பார்க்க வந்த எல்லோரிடமும் சொன்னான். மணல் கிடந்தது உண்மை. ஆனால் அவன் விழுந்த நேரமும் தன் மூன்றாவது போனும் ஒன்றுதானோ என்ற சந்தேகம் தர்மதேவியை அரித்துத் தின்றது. கேட்கப் பயம். ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

போன வாரம் அவள் தம்பி வைபவ்தான் அவனைத் திரும்ப பைக் ஓட்டப் பழக்கினான். "வளைவு வர்றதுக்கு முன்னாடியே வேகத்த கொறச்சிடுங்க மாமா. உள்ள போனப்புறம் பிரேக்க தொடாதீங்க. ரோடு எங்க திரும்புதோ அங்கயே பாருங்க." இருபது வருஷம் ஓட்டியவனுக்கு இப்போதுதான் இந்தப் பாடம். நம் ஊரில் யார் கற்றுக்கொண்டு ஓட்டுகிறார்கள்!

இன்றைக்கு ஐந்தே முக்கால் ஆனது. சோறும் பீர்க்கங்காய்க் கூட்டும் தயாராக இருந்தன. தர்மதேவி போனை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். ஒரு வேளை பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகிவிடாது என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு போனை அலமாரியில் வைத்துவிட்டாள். சூரியன் இறங்கியது. அவளும் சாப்பிடவில்லை.

மசமசவென்று இருட்டுகிற நேரத்தில் வண்டிச் சத்தம் கேட்டது. ஓடி வந்தாள். முழுசாக வந்து நின்றான். பார்த்த நிம்மதியில் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இவ்ளோ நேரம் எங்க இருந்தீங்க?"

"ஏரிக்கரை வளைவுக்கு முன்னாடி வண்டிய ஓரங்கட்டிட்டு நின்னுக்கினு இருந்தேன்."

"எதுக்கு?"

ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே சொன்னான். "நீ போன் பண்ணுவியே. வளைவுக்குள்ள போறப்ப அடிச்சா, கை தன்னால பிரேக்க புடிச்சிடுது. நின்னு பேசிட்டே போவலாம்னு பாத்தேன். நீ பண்ணவே இல்ல."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. தர்மதேவி அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். ஐந்து மாதமாகக் கேட்கப் பயந்ததற்குப் பதில் வந்துவிட்டது. அழுகையை அடக்க முடியவில்லை.

"எங்கிட்டகூட ஏன் சொல்லல?"

ஜினசந்திரன் சரியாக மடங்காத காலை நீட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"சொல்லியிருந்தா, இந்த அஞ்சு மாசம் நீ ஒரு வாய் சோறு தின்னிருப்பியா?"