மூணாம் மாடி அக்காவின் சாவிக்கொத்து

தையல்காரர் மறுபடியும் கதவைத் தாழிட்டார். தாழ்ப்பாள் சத்தம் அடங்குவதற்குள் யாரோ தட்டினார்கள்.

"திறந்து வைங்க அத்தான். செத்த வீட்டுக் கதவ யாராவது சாத்துவாங்களா?" என்றான் மச்சினன். லாரி ஓட்டுகிறவன். அக்கா போன செய்தி கேட்டு, சரக்கை இறக்காமலே வண்டியைத் தெருமுனையில் போட்டுவிட்டு ஓடி வந்திருந்தான்.

"அமரர் வண்டி வர ஒரு மணி நேரம் ஆகும் மாப்ள. அந்த ஒரு மணி நேரமாவது அவ என் வீட்ல இருக்கட்டும். கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து இருந்ததில்ல."

பொய்யில்லை. அந்த அடுக்குமாடியில் அவளுக்குப் பெயர் மூணாம் மாடி அக்கா. பல் போன கிழவருக்கும் அக்காதான். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அக்கா, குழாயில் தண்ணீர் வராவிட்டால் அக்கா, புருஷன் பெண்டாட்டி சண்டையில் பாத்திரம் பறந்தால் அக்கா. சாப்பிட உட்கார்ந்ததும் போன் அடிக்கும். யார், என்ன என்று கேட்கமாட்டாள். "வந்துட்டேன்" என்பாள். தட்டின் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்துவிட்டுப் போய்விடுவாள். மூடிய தட்டுக்கு எதிரில் உட்கார்ந்து தின்றே தையல்காரருக்குத் தலை நரைத்தது.

இன்று காலை மோட்டார் போட மொட்டைமாடிக்கு ஏறியவள், நாலாம் மாடிப் படியில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. லிஃப்ட் போன மழைக்காலத்தில் நின்றது. அதைப் பழுதுபார்க்கக் குடியிருப்போர் சங்கத் தலைவர் கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றியிருந்தார். தீர்மானத்தில் ஏறி யாரும் மாடிக்குப் போக முடியவில்லை.

மச்சினன் தாழ்ப்பாளை எடுத்தான். முதலில் மலர்வளையம் உள்ளே வந்தது, அதன் பின்னால் தலைவர். எப்போதும் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்படுகிறவர். அந்தப் பதவியை வேறு யாரும் சீந்துவதில்லை என்பதை நாகரிகமாக அப்படிச் சொல்வார்கள். வளையத்தில் செத்தவள் பெயரைவிட அவர் பெயர் பெரிதாக இருந்தது.

பின்னாலேயே கட்டடம் முழுக்க உள்ளே வந்தது. தலைவர் தொண்டையைச் செருமினார்.

"சேவைதான் ஒரு மனுஷனத் தலைவனா ஆக்குது. நான் பல மேடையில சொன்னதுதான். நம்ம அக்கா எனக்கு வலது கை மாதிரி."

வேலையெல்லாம் வலது கை செய்தது, மைக்கைப் பிடித்தது மட்டும் இடது கை என்று தையல்காரர் நினைத்துக்கொண்டார். அவர் சவப்பெட்டியின் கால்மாட்டில் ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்தார். அவள் பாத வெடிப்புகளில் மொட்டைமாடிச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. அதைத் துடைக்கத்தான் அவர் கதவைச் சாத்தியது.

பேச்சு நீண்டது. தலைவருக்குக் கால் கடுத்தது. இந்தக் கட்டடத்தில் யார் செத்தாலும் சங்கத்து நாற்காலிகள் வந்துவிடும். எங்கிருந்து வரும், யார் சொல்லி வரும் என்று யாரும் யோசித்ததில்லை. விடிவது மாதிரி, அது பாட்டுக்கு நடக்கும். இன்று வரவில்லை.

"நாற்காலி எங்கப்பா?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தலைவர் சலித்துக்கொண்டே போனை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, எதையோ அழுத்திக் காதில் வைத்து ஜன்னல் பக்கம் திரும்பினார்.

காலையில் அவள் போட்டிருந்து, இப்போது கொடியில் தொங்கிய உடுப்பிலிருந்து போன் அடித்தது.

தன்னுடைய ஒவ்வொரு உடுப்பிலும் ஒரு பை வைத்துத் தைக்கச் சொல்லுவாள். அதில் போனும் கட்டடத்துச் சாவிக்கொத்தும் கிடந்து, துணி எப்போதும் ஒரு பக்கமாக இழுத்துத் தொங்கும். என் தொழிலுக்கே அவமானம் என்று அவர் திட்டாத நாளில்லை.

எல்லோரும் உடுப்பைப் பார்த்தார்கள். பிறகு தலைவரைப் பார்த்தார்கள். அவர் மட்டும் வெளியே பார்த்தபடி, "எடுக்க மாட்டேங்கிறாங்களே" என்றார்.

மச்சினன் போய் அவர் தோளைத் தொட்டான். அவருக்கு முகம் கறுத்தது. "பழக்கதோஷம்..." என்று முனகினார்.

தையல்காரர் எழுந்தார். உடுப்புப் பையிலிருந்து போனை எடுத்து அணைத்தார்.

"விடாமக் கூப்பிடுங்க, எடுப்பா. செத்துப் போனதெல்லாம் ஒரு சாக்கா?" சாவிக்கொத்தைத் தலைவர் கையில் திணித்தார். "மொட்டைமாடி ரூம். நீங்களே போய்த் தூக்கிட்டு வாங்க தலைவரே. வலது கைதான் படுத்திருக்கு, இடது கை சும்மாத்தானே இருக்கு." பிறகு மற்றவர்களிடம் திரும்பினார். "நீங்கல்லாம் வெளிய போங்க. நாற்காலி வர வரைக்கும் படியில உக்காருங்க. அவளும் படியிலதான் உக்காந்தா."

வரிசையாக வெளியேறினார்கள். தன் பேச்சை நாலு பேர் கேட்டுத் தையல்காரர் பார்த்ததில்லை. சட்டைக்குக் கை நீளம் இவ்வளவு போதும் என்றால்கூட வாடிக்கையாளர் ஒத்துக்கொள்ளமாட்டார். கதவைச் சாத்திவிட்டுப் பாதங்களைத் துடைக்க ஆரம்பித்தார். இடது காலை முடித்தபோது வண்டி வந்துவிட்டது.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் பெட்டி மாட்டிக்கொண்டது. எந்தப் பெட்டியும் அங்கே மாட்டும். அப்போதெல்லாம் அவள் கீழ்ப்படியில் நின்று எதைத் தூக்கணும், எதை இறக்கணும் என்று சொல்லுவாள். தூக்கியவர்கள் பழக்கத்தில் அந்தப் படியைப் பார்த்தார்கள். தலைவர் மேலேயிருந்து, "மெதுவா, மெதுவா" என்றார். பெட்டி ஒரு பக்கமாகச் சரிந்தது.

தையல்காரர் சுவரோடு ஒட்டி இறங்கி, அந்தப் படியில் போய் நின்றார்.

"மாப்ள, கால் பக்கத்த இறக்கு. மேல இருக்கிறவங்க தலைப்பக்கத்தச் சுவரோட தூக்குங்க. இன்னும் தூக்குங்க, அவ ஒண்ணும் கனமில்ல. தலைவரே, மெதுவாங்கறத நிறுத்திட்டு ஒரு கை குடுங்க."

பெட்டி திரும்பியது.

அடக்கம் முடிந்து திரும்பும்போது மாலையாகிவிட்டது. கீழ்த்தளக் குழாயடியில், கையில் ஒட்டிய மண்ணைக் கழுவக் கூட்டம் நின்றது. குழாய் காற்றை விட்டது. காலையில் அவள் போடப் போன மோட்டாரை யாரும் போடவில்லை. தலைவர் இரண்டு கையிலும் சோப்பு நுரையோடு நின்றார். நாற்காலி எடுத்த கையோடு சாவியைத் தையல்காரரிடம் திருப்பிக் கொடுத்திருந்தார். ஒரு சாவியையாவது தான் வைத்துக்கொள்ளலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

எல்லோரும் தையல்காரரைப் பார்த்தார்கள். அவருக்கு நாக்கு நுனிவரை வசவு வந்தது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு படியேறினார்.

சாவிக்கொத்தின் கனத்தில் சட்டை ஒரு பக்கமாக இழுத்துத் தொங்கியது. அப்படி ஒரு சட்டையை அவர் யாருக்கும் தைத்துக் கொடுத்ததில்லை. அதை இழுத்துச் சரிசெய்யாமல், நாலாம் மாடிப் படியில் மட்டும் ஓரமாகக் கால் வைத்து, மேலே போனார்.