பேடா கொடுத்துவிட்டுக் கேட்ட கேள்வி

1

கிட்ட வாங்க. இன்னும் கொஞ்சம். மின்விசிறிச் சத்தத்தில் என் குரல் எடுபடாது. இன்றைக்கு ஜெயித்த கதை ஒன்று சொல்கிறேன். தோற்ற கதைகளை வேறு யாராவது எழுதிக்கொள்ளட்டும்.

இது எனக்குக் கிடைத்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தார்வாடில் எங்கள் மாடியில் குடியிருக்கும் நீலாம்பிகா ஒரு சாயங்காலம் இறங்கிவந்து, ரொட்டி தட்டிக்கொண்டிருந்த என் பக்கத்தில் நின்று அழுதாள். கேட்டால், காரணம் பேடா என்றாள். சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. கதையும் அங்கேதான் வந்தது.

2

முதல் தொடக்கம்: 'கண்ணாடியை மாட்டியதும் மாணவர்கள் ஓர் இதயத்துக்குள் நின்றார்கள்; சுற்றிலும் சிவந்த சுவர்கள், அவை மெல்ல...'

(வேண்டாம். அந்த மெய்நிகர்க் கண்ணாடியை நான் மாட்டிப் பார்த்ததில்லை. பார்க்காததை வர்ணித்தால் நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள்.)

நேராகவே சொல்கிறேன். நீலா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. அந்தக் கண்ணாடி வழியாகப் படிப்பதை விலங்கியல் மாணவர்கள் மனதார ஏற்கிறார்களா என்று அளப்பது அவள் வேலை. பாடம் முடிந்ததும் கேள்வித்தாள். ஒவ்வொரு வரிக்கும் ஒன்று முதல் ஐந்துவரை மதிப்பெண்; ஐந்து என்றால் முழுச் சம்மதம். அளவு ஒழுங்காக வந்தால்தான் அவளுக்குப் பட்டம்.

வந்தது பாருங்கள்! எல்லாரும் எல்லாவற்றுக்கும் ஐந்து. 'கண் வலித்தது' என்பதற்கும் ஐந்து, 'கண் வலிக்கவே இல்லை' என்பதற்கும் ஐந்து.

3

அவளுடைய வழிகாட்டி அங்கடி சார் தாள்களைப் புரட்டினார்.

"இதைக் கொடுக்கறதுக்கு முன்னாடி என்னம்மா பண்ணினே?"

"ஒண்ணும் பண்ணல சார். ஆளுக்கொரு பேடா கொடுத்தேன்."

"பேடாவா!"

"வந்த பிள்ளைங்கள வெறும் வாயோட எப்படி சார் அனுப்பறது?"

"நல்லா அளந்தே போ. இது பேடாவுக்கு விழுந்த மார்க்கு. முதல்லேருந்து பண்ணு. இல்லேன்னா இந்த வருஷம் பட்டத்தை மறந்துடு."

(எங்கள் ஊரில் ஒருத்தர் கையால் இனிப்பு வாங்கித் தின்றுவிட்டு அவர் முகத்துக்கு நேரே குறை சொல்ல யாருக்கும் நா எழாது. வேறு ஊர்க்காரி இந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டாள்.)

(அங்கடி சாரைக் கதைக்காகக் கொஞ்சம் கடுகடுப்பாக்கிவிட்டேனோ என்று சந்தேகம். நீலாவுக்குப் படித்துக் காட்டினேன். "குறைச்சுதான் எழுதியிருக்கீங்க, அவ்வா" என்கிறாள் இந்தப் பாட்டியிடம்.)

4

மறுபடி அளந்தார்கள். இந்த முறை பேடா இல்லை, நீலாவும் அறையில் இல்லை, தாளில் பெயரும் இல்லை. ஆணா பெண்ணா என்று மட்டும். பையன்கள் நாலும் ஐந்துமாகப் போட்டிருந்தார்கள். பெண்கள் தாளிலோ ஒன்று, இரண்டு.

வாசலில் பொரி கலக்கித் தரும் கிர்மிட் வண்டியருகே அந்தப் பெண்களைப் பிடித்தாள் நீலா.

"என்னடி குறை அதுல? மறைக்காம சொல்லுங்க."

"பேர் எழுதாதேன்னுட்டு இப்ப ஆளைப் பிடிக்கறீங்களே அக்கா!" என்றாள் ஷைலா தளவார். "சரி, நான்தான் ஒண்ணு போட்டேன். என் பின்னலைப் பாருங்க. அதுமேல அந்தக் கண்ணாடிப் பட்டை உக்காரவே மாட்டேங்குது. கண்ணாடி மூக்குக்கு இறங்கிடுச்சு. இதயமா? எனக்கு ரெண்டு பூசணிக்கா மங்கலாத் தெரிஞ்சுது."

"எனக்கு அதுவும் இல்ல. பூ நசுங்கினதுதான் மிச்சம்" என்றாள் தோழி.

"முதல் தடவையே ஏண்டி சொல்லல?"

"வாயில பேடா இருந்துச்சே!"

'அக்கணம் நீலாவின் உள்ளம் நொறுங்கி...'

(பொய். நொறுங்கவில்லை. தெருவென்றும் பாராமல் ஷைலாவைக் கட்டிக்கொண்டு, "ஒருத்தி உண்மையச் சொல்லிட்டாடி!" என்று குதித்தாள்.)

5

பட்டையை இரண்டாகப் பிரித்துத் தைத்தாள் நீலா: பின்னலுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. மூன்றாம் முறை கண்ணாடி இறங்கவில்லை. "அடியம்மா! இதயத்துக் கதவு திறந்து திறந்து மூடுதுடி!" என்று ஷைலா போட்ட கூச்சல் வராந்தாவரை கேட்டதாம். நேரம் முடிந்தும் கழற்ற மறுத்துவிட்டாள்.

பெண்கள் தாளில் மூன்றும் நாலும் ஐந்தும் கலந்து வந்தன. ஓரிரண்டு 'ஒன்று'கூட உண்டு.

பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வன்று வெளியூர்த் தேர்வாளர் கேட்டார்: "முதல்ல முழு மார்க்கு வந்திருக்கு. இப்ப குறைஞ்சிருக்கு. இதைப் போய் வெற்றிங்கறீங்க?"

"முதல்ல வந்தது மரியாதை சார். இதுதான் சம்மதம்."

முதலில் கைதட்டியது அங்கடி சார்! அப்புறம் வராந்தா முழுக்கத் தட்டியது. அன்று மாலை படியேறும்போது நீலா, டாக்டர் நீலாம்பிகா ஹெப்பள்ளி.

6

முடிவு? மூன்றாம் முறை ஷைலா ஐந்து போட்டாள் என்று எழுதினால் உங்களுக்கு இனிக்கும். நாலு என்றால் நம்புவீர்கள். கூச்சல் போட்டும் ஒன்றே போட்டாள் என்றால் எனக்கு அவளை இன்னும் பிடித்துப்போகும். நீலா ஒருநாள் ஆசையை அடக்கமாட்டாமல் கேட்டே விட்டாளாம்.

"அதை நீங்க கேக்கக் கூடாது அக்கா" என்றாளாம் அந்தக் கழுதை.

எனவே நானும் கேட்கவில்லை. மார்க்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டில் வாய்விட்டு 'பிடிக்கல' என்று சொல்லும் பிள்ளைகள் பெருகட்டும். அதைக் கேட்டு முகம் சுளிக்காத பெரியவர்களும் நீடூழி இருக்கட்டும்.